தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தனியார் பள்ளியின் பக்கம்: தொகுத்துப் பார்த்தவளின் மதிப்பீடு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். கணக்கு, அறிவியல், கேட்டால் தமிழும். ஆண்டுக் கடைசி நெருங்கினால் பெற்றோர் என்னிடம் பாடத்தைப் பற்றிப் பேசுவது குறைந்துவிடும். "டீச்சர், அந்தத் தனியார் பள்ளி எப்படி? கடன் வாங்கியாவது சேர்த்துடலாமா?" என்பதே பேச்சாக இருக்கும். ஒரு காலத்தில் அனைத்துலகப் பள்ளி என்றால் வெளிநாட்டார் பிள்ளைகளுக்கானது என்று ஒதுங்கிப் போனோம். மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பை 2012-இல் அரசாங்கம் எடுத்துவிட்டது. இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் அப்பாவும் மாதக் கட்டணத்தைச் சம்பளத்தோடு வைத்துக் கணக்குப் போடுகிறார்.

அவர் கைப்பேசியில் பள்ளியின் பெயரைத் தேடினால் வருவது பள்ளியின் சொந்த இணையத்தளம், பள்ளியின் ஃபேஸ்புக் பக்கம், பிறகு விக்கிப்பீடியா. முதல் இரண்டும் பள்ளி தன்னைப் பற்றித் தானே சொல்வது. மூன்றாவதுதான் பள்ளியைப் பற்றிப் பிறர் எழுதி, அச்சிட்டு, பொறுப்பேற்றுக்கொண்ட செய்தியை மட்டும் திரட்டித் தர வேண்டிய இடம். அந்த இடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தொகுக்க, அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்த, கற்றுக்கொண்டேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன, விளம்பரம் கிடையாது, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இந்தச் சேவை ஒரு தனியார் பள்ளியின் விஷயத்தில் எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். தமிழில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் முடிவு. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தால்தான் அந்த நன்மை கிடைக்கும்.

நான் தொகுத்த பக்கம் பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியுடையது. பெயர் வேண்டாம், என்னிடம் வரும் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள். நான் பார்த்தபோது பக்கத்தின் முக்கால்வாசி பள்ளியின் விளம்பரத் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதாக இருந்தது. 'உலகத் தரம்', 'தலைசிறந்த ஆசிரியர்கள்', 'நாளைய தலைவர்களை உருவாக்கும் கல்விக்கூடம்'. நீச்சல் குளத்துக்கு ஒரு பத்தி, குளிரூட்டிய வகுப்பறைகளுக்கு ஒரு பத்தி. எந்தப் பாடத்திட்டம் என்று தேடிப் பார்த்தேன், இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் தேர்ச்சி விழுக்காடு மட்டும் பெருமையாக இருந்தது. அந்தத் தேர்வு 2021-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அடுத்த ஆண்டு படிவம் 3 பிள்ளைகளுக்கான பி.டி.3 தேர்வும் போய்விட்டது. பக்கத்தின் அடியில், மனம் நொந்த யாரோ ஒருவர் சேர்த்த நான்கு வரிகள் இருந்தன. பணம் பிடுங்கும் பள்ளி என்று தொடங்கி, ஓர் ஆசிரியையின் பெயரைச் சொல்லி, எந்தச் சான்றும் இல்லாத ஒரு குற்றச்சாட்டு.

இரண்டையும் விக்கிப்பீடியா ஒரே அளவுகோலால் அளக்கிறது என்பதுதான் எனக்கு இந்தச் சேவையில் மிகவும் பிடித்தது. நடுநிலை நோக்கு, சரிபார்க்கத்தக்க சான்று, சொந்த ஆய்வு கூடாது: அடிப்படைக் கொள்கைகள் இந்த மூன்றும். புகழுக்கும் சான்று வேண்டும், பழிக்கும் சான்று வேண்டும். அதிலும் உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாத குற்றச்சாட்டு இருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உடனே நீக்கலாம், நீக்கவும் வேண்டும். அந்த ஆசிரியையின் பெயரைத்தான் முதலில் எடுத்தேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆசிரியையின் பிழைப்பையும் மானத்தையும் பெயர் சொல்லாத ஒருவர் நான்கு வரியில் குலைத்துவிட முடியும் என்பதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பக்கத்தில் இந்த வேலையை மட்டும் செய்துவிட்டுப் போனாலும் போதும் என்று அன்று தோன்றியது.

விளம்பரத் தாளிலிருந்து ஒட்டியதை எடுக்க இன்னொரு வலுவான காரணமும் உண்டு. விக்கிப்பீடியாவின் எழுத்து யார் வேண்டுமானாலும், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியாகிறது. பள்ளியின் இணையத்தளம் அப்படி அல்ல. அதன் எழுத்தை எடுத்து இங்கே போடுவது பதிப்புரிமை மீறல். எவ்வளவு நல்ல தமிழில் இருந்தாலும் நிற்காது. படத்துக்கும் இதே கதைதான். பள்ளியின் ஆண்டு மலரிலிருந்து ஸ்கேன் செய்த படத்தைப் போட முடியாது. தெருவில் நின்று நீங்களே எடுத்த கட்டடப் படத்தைப் போடலாம். சீருடையில் பிள்ளைகள் முகம் தெரிய நிற்கும் படத்தை நான் போடவில்லை, யாரும் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

தொகுக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'தொகு' என்பதை அழுத்தினால் பக்கம் எழுதும் நிலைக்கு மாறும், எழுதி வெளியிடலாம். பழகிப் பார்க்க மணல்தொட்டி என்று ஒரு தனி இடம் தருகிறார்கள். தட்டச்சுக்கும் வெளியே எதுவும் தேட வேண்டாம். தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் தளத்திலேயே இருக்கின்றன. நான் முரசு அஞ்சலிலேயே பழகியவள், நம் நாட்டில் உருவான மென்பொருள், கை அதைத்தான் தேடும். கைப்பேசியில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். ஆனால் பள்ளியின் பெயர், நிறுவிய ஆண்டு, வகை, பாடத்திட்டம் எல்லாம் அடுக்கியிருக்கும் வலப்பக்கத் தகவல் பெட்டியைத் தொடுவதென்றால் கணினியில் உட்காருவதே நல்லது. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் பெட்டி முழுவதும் சிதறிவிடும். வெளியிடும் முன் முன்தோற்றம் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று தேடுவதுதான் உண்மையான வேலை. நேரமெல்லாம் அங்கேதான் போனது, எனக்கு ஆசையும் அங்கேதான் வந்தது.

பினாங்குக்குப் பள்ளிக்கூட வரலாறு குறைவில்லை. பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1816-இல் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்று நாம் இன்றும் சொல்லிக்கொள்ளும் தமிழ் வகுப்பு அந்தப் பள்ளியில்தான் நடந்தது. தனியார் பள்ளிகளுக்கும் கதை உண்டு. அப்லண்ட்ஸ் பள்ளி 1955-இல் கொடிமலை (பினாங்கு மலை) உச்சியில், தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, பிறகு மலையிறங்கி, இன்று பத்து ஃபெரிங்கியில் நடக்கிறது. தாலாட் பள்ளி 1929-இல் வியட்நாமில் மிஷனரிமார்களின் பிள்ளைகளுக்காக உருவாகி, போர் துரத்த நாடு மாறி, 1971-இல் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரி வரலாறு ஒரு பக்கத்தில் இருந்தால் படிக்கிறவருக்குப் பள்ளி யாருக்காக, ஏன் வந்தது என்பது புரியும். நீச்சல் குளம் அதைச் சொல்லாது.

நான் எடுத்துக்கொண்ட பள்ளிக்கு நிறுவிய ஆண்டே சிக்கலாக இருந்தது. விளம்பரத் தாள் ஓர் ஆண்டைச் சொன்னது. பழைய செய்தித்தாளில் வந்த மாணவர் சேர்க்கை அறிவிப்பு அதற்குப் பல ஆண்டு பிந்தியது. முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து கிடைத்த ஆண்டு மலரைப் படித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. வாடகை பங்களா ஒன்றில் பாலர் பள்ளியாகத் தொடங்கியது ஓர் ஆண்டு, ஆரம்பப் பள்ளியாகப் பதிவு பெற்றது வேறோர் ஆண்டு. இரண்டுமே உண்மை. பக்கத்தில் இரண்டையும், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, தனித்தனியாக எழுதினேன். ஆண்டு மலர் பள்ளியே வெளியிட்டது, ஆகையால் சர்ச்சையில்லாத செய்திக்கு மட்டும் அதைச் சான்றாக வைக்கலாம். "இதுவே மாநிலத்தில் முதல் பள்ளி" என்று அதே மலர் சொல்கிறது. அதற்குப் பள்ளியின் வாய்மொழி போதாது.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-இலிருந்து இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. சிங்கப்பூர் பிரிவதற்கு முந்தைய மலாயாச் செய்தி அங்கே குவிந்து கிடக்கிறது. பினாங்குப் பள்ளி விழா, புதுக் கட்டடத் திறப்பு, தேர்வு முடிவு எல்லாம் அகப்படும். அடுத்தது இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். ஒரு பள்ளியின் இணையத்தளம் பத்து ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது, என்ன பாடத்திட்டம் என்று எழுதியிருந்தது என்பதை அதில் பார்க்கலாம். படிவம் 5 முடிவில் எழுதும் தேசியத் தேர்வான எஸ்.பி.எம்.-க்குத் தயார்செய்யும் பள்ளியாக இருந்தது எப்போது பிரிட்டிஷ் முறைத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.-க்கு மாறியது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

தமிழ்ச் சான்றுதான் கையில் அகப்படாமல் நழுவுகிறது. தமிழ் நேசன் நாளிதழ் 1924-இலிருந்து 2019 வரை வெளிவந்தது. இந்தத் தேசத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாழ்க்கை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே தேடிப் படிக்க வழியில்லாதபோது, தமிழில் எழுதும் பக்கத்துக்கே ஆங்கிலச் செய்தித்தாளைச் சான்று காட்ட வேண்டியதாகிறது. தாத்தா பாட்டி வீட்டில் பழைய நறுக்கு இருந்தால் நாளிதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் குறித்து வையுங்கள். இணைப்பு இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. அச்சில் வந்த இதழும் முழுச் சான்றுதான்.

பக்கம் திருந்தத் தொடங்கியதும் பள்ளி நிர்வாகத் தரப்பிலிருந்து ஒருவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், நீங்கதான் எழுதுறீங்கன்னு கேள்விப்பட்டோம். அந்த வசதிகள் பத்தியெல்லாம் திரும்பப் போட்டுடுங்கலா. உங்க நேரத்துக்கு என்னவோ அத நாங்க பார்த்துக்கறோம்." முடியாது என்றேன். காசு வாங்கிக்கொண்டு தொகுப்பவர் யாரிடம் வாங்கினார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014-இலிருந்து, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் என் பதில் மாறியிருக்காது. என்னிடம் வந்து "சேர்க்கலாமா?" என்று கேட்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் பேச வேண்டும்.

ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. பக்கத்தில் தலைமையாசிரியர் பெயர் பழையதாக இருந்தது, முகவரியும் மாறியிருந்தது. தங்கள் பள்ளியைப் பற்றித் தவறு இருந்தால் அவர்கள் எங்கே போய்ச் சொல்வது? இதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'உரையாடல்' என்று ஒரு பக்கம் உண்டு. பள்ளியில் வேலை செய்கிறவர்கள் கட்டுரையைத் தாங்களே மாற்றாமல், தாங்கள் யார் என்று சொல்லி, எந்த வரி தவறு, சரியான செய்தி எங்கே இருக்கிறது என்று அங்கே எழுதலாம். தொடர்பில்லாத ஒருவர் பார்த்து மாற்றுவார். அதை அவரிடம் பொறுமையாக விளக்கினேன். அடுத்த வாரமே எழுதினார்கள், சான்றோடு, சுத்தமாக. மாற்றிக் கொடுத்தேன். என் தரப்பையும் அங்கேயே எழுதி வைத்தேன்: எனக்கு இந்தப் பள்ளியில் வேலைத் தொடர்பு இல்லை, என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள், அதை அறிந்து என் தொகுப்புகளைச் சரிபாருங்கள் என்று.

சரிபார்த்தும் கொடுத்தார் ஒருவர். இலங்கையிலிருந்து எழுதுகிறவர், பயனர் பெயர் மட்டுமே தெரியும். படிவம் 5 (இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு) என்றால் எந்த வயதுப் பிள்ளை, தனியார் பள்ளிக்கும் அனைத்துலகப் பள்ளிக்கும் உங்கள் நாட்டில் என்ன வேறுபாடு என்று கேட்டார். நமக்குத் தெரிந்தது என்பதால் எழுதாமல் விட்டிருந்த செய்தி அது. தேசியப் பாடத்திட்டத்தில் நடந்து எஸ்.பி.எம். எழுதவைப்பது ஒரு வகை, வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் நடப்பது இன்னொரு வகை, இரண்டும் கல்வி அமைச்சில் பதிவு பெற்றவையே என்று இரண்டு வாக்கியம் சேர்த்தேன். பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கும் அதே இரண்டு வாக்கியம்தான் தேவைப்பட்டது என்பது அவர்கள் பேசும்போது தெரிகிறது.

கட்டணத்தைப் போடச் சொல்லிப் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நான் போடவில்லை. விக்கிப்பீடியா விலைப்பட்டியல் அல்ல என்பது விதி, அது சரியான விதி என்றே நினைக்கிறேன். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025 ஜூலை 1-இலிருந்து, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் தனியார் பள்ளிகளின் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி வேறு வந்துவிட்டது. பழைய தொகையைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் முடிவெடுத்தால் யார் பொறுப்பு? கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கைக் கட்டணம், முன்பணம், புத்தகம், சீருடை, பேருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால் ஒரு தனியார் பள்ளியின் பக்கத்தில் தவறு ஏறினால் அது நெடுநாள் அப்படியே கிடக்கும். அது அங்கே மட்டும் கிடப்பதில்லை. தேடுபொறியின் ஓரப் பெட்டியும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுத்துப் பதில் சொல்கின்றன. தவறான ஆண்டு நாலு இடத்தில் பரவியபின் அதையே எடுத்து வந்து சான்று என்று காட்டுவார்கள். இன்னொன்று, ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கும் கருவி. அவசரத்துக்கு எலும்புக்கூடு கிடைக்கும். ஆனால் பள்ளிப் பெயர்களையும் தேர்வுப் பெயர்களையும் அது படுத்தும் பாடு பொறுக்க முடியாது. வரிக்கு வரி படித்துத் திருத்த நேரமிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

எல்லாப் பள்ளிக்கும் தனிப்பக்கம் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி நடக்கிறது என்பது மட்டும் போதாது. பள்ளியோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் கடைவீட்டில் தொடங்கிய ஒரு தனியார் மையத்துக்குப் பக்கம் வேண்டும் என்று என்னிடமே ஒருவர் வந்தார். நாளிதழில் செய்தி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அனுப்பினேன்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பள்ளியின் பக்கத்தைப் படிக்கும்போது கட்டுரையோடு நிறுத்தாமல் 'வரலாறு' என்பதையும் அழுத்துங்கள். யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது அநேகமாக முழுவதும் அங்கே இருக்கும். சான்றுள்ள ஒரு செய்தி திரும்பத் திரும்ப நீக்கப்பட்டிருந்தால், ஏன் என்று உரையாடல் பக்கத்தில் பாருங்கள். பள்ளியின் இணையத்தளம் எதுவும் உங்களுக்கு இந்த வசதியைத் தராது. சேர்க்கைக்கு முந்தின நாள் அரை மணி நேரம் அதற்குச் செலவழிக்கலாம்.

நம் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் இன்னொரு கேள்விக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் பதில் இல்லை: அங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்களா? 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்வது தேசியப் பள்ளிகளுக்கு, அதாவது அரசாங்கப் பள்ளிகளுக்கும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளுக்கும். தனியார் பள்ளியில் அது நிர்வாகத்தின் விருப்பம். என்னிடம் வரும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வகுப்பு நடக்கிறது என்கிறார்கள். நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் வாய்ச்சொல்லை வைத்து எழுத முடியாது. அதனால் பள்ளி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்: தமிழ் வகுப்பு எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த வகுப்புகளுக்கு நடக்கிறது, பாடவேளைக்குள்ளா வெளியிலா என்பதை உங்கள் இணையத்தளத்தில் வெளியிடுங்கள், சாதாரணச் செய்திக்கு அந்த அளவு சான்று போதும் என்று. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதையே எழுதிக் கேட்டால் விரைவில் நடக்கும். வெளியான அன்றே பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.